காயாகவே பறித்தவள்

1

ஊரில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், மேரிக்கு ஜெர்மனியில் நிலம் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லுங்கள். முக்கால் பங்கு உண்மை. மீதிக் கால் பங்கு, அது எனக்குச் சொந்தமில்லை, குத்தகை என்பது. கேட்கிறவர் துருவித் துருவிக் கேட்டால் மட்டும் அதைச் சொன்னால் போதும்.

நிலம் என்றதும் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்து மஞ்சள் காட்டையோ மரவள்ளிக் காட்டையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். நம்மூரில் தானியம் காயப்போடும் களம் அளவுதான் இருக்கும். நகரத்தின் ஓரத்தில், ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவில், இந்த மாதிரித் துண்டுகளை வரிசையாக வேலி கட்டி வைத்திருக்கிறார்கள். அடுக்குமாடியில் குடியிருக்கிறவர்கள் தோட்டச் சங்கத்தில் பெயர் கொடுத்துக் காத்திருந்தால், ஒரு துண்டு கிடைக்கும். காய்கறி போடலாம், பூச்செடி வைக்கலாம், ஞாயிற்றுக்கிழமை நாற்காலி போட்டு உட்காரலாம். நாங்கள் பெயர் கொடுத்தபோது என் மகன் ஆல்பர்ட் பள்ளியில் இருந்தான். எங்கள் முறை வந்தபோது அவன் வேறு ஊரில் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தான்.

அதிலும் முதல் வருடம் சோதனை வருடம். ஒழுங்காக நடந்துகொண்டால் குத்தகை நிரந்தரம். இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். அந்தச் சோதனை வருடம் போன சனிக்கிழமையோடு முடிந்தது. ஒரு முள்செடியால் எல்லாம் கைவிட்டுப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

இத்தனூண்டு மண்ணுக்கு நான் ஏன் இப்படி அலைகிறேன் என்று என் கணவர் சூசைக்கே முதலில் விளங்கவில்லை. "தக்காளி வேணும்னா கடையில வாங்கிக்கலாமில்ல" என்றார். எனக்குத் தக்காளி பிரச்சினை இல்லை. அதை அவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு குளிர்காலம் பிடித்தது.

எங்கள் அப்பாவுக்குச் சித்தேரி மலையடிவாரத்தில் கிணற்றோடு காடு இருந்தது. எனக்கு இரண்டு அண்ணன்கள். ஒருவர் தருமபுரியில் ஐ.டி.ஐ. படித்தார், இன்னொருவர் ஓசூரில் வேலைக்குப் போனார். களை எடுத்தது, மஞ்சள் வேகவைக்கும்போது அடுப்பெரித்தது, கிழங்கு பிடுங்குகிற நாளில் ஆளோடு ஆளாக நின்றது எல்லாம் நான். பாகம் பிரித்தபோது காடு அண்ணன்களுக்குப் போனது, நகையும் பீரோவும் எனக்கு வந்தன. அதில் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. யாரும் அதை ஒரு பேச்சாகவே எடுக்கவில்லை. அப்பாவும் அண்ணன்களும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், எனக்குப் பங்கு வேண்டாம் என்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். போட்டேன். மத்தியானம் பெரியண்ணன் லூர்து எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அண்ணன்கள் கெட்டவர்கள் இல்லை. இன்றைக்கும் நான் ஊருக்குப் போனால் பெரியண்ணன் வேலையைப் போட்டுவிட்டுக் கார் எடுத்து வருவார். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது வலித்தது. கையெழுத்துப் போடும்போது தெரியவில்லை. அடுத்த பொங்கலுக்குப் போனபோது அண்ணி ஒரு பை மஞ்சளை நீட்டி, "எங்க காட்டு மஞ்சளுங்க, எடுத்துட்டுப் போங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். நான் வேகவைத்து, நான் காயவைத்த காட்டு மஞ்சளை விருந்தாளி மாதிரி வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆகவே எனக்கு என் பெயரில் கொஞ்சம் மண் வேண்டியிருந்தது. அது எந்த நாட்டில் இருந்தாலும் சரி.

3

ஜெர்மன்காரர்கள் மண்ணைக் கொடுத்தாலும் சும்மா கொடுப்பதில்லை. கூடவே விதிகளையும் கொடுப்பார்கள். துண்டில் மூன்றில் ஒரு பங்காவது காயோ கனியோ இருக்க வேண்டும். வேலிச்செடி இவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது. அதை அளக்க ஒரு பெரியவர் குச்சியோடு வருவார். மத்தியானத்தில் சத்தம் போடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை புல்வெட்டும் மிஷினைத் தொடவே கூடாது. பொது வேலைக்கு முறை வைத்து ஆள் வர வேண்டும். முறைத் தண்ணீருக்கு வரப்பில் மண்வெட்டியோடு நின்று வளர்ந்த எனக்கு இது ஒன்றும் பெரிய கட்டுப்பாடாகத் தெரியவில்லை. ஆள் மாற்றி ஆள் பார்த்துக்கொள்கிற இடத்தில்தான் நான் பிறந்தேன்.

கஷ்டம் மொழியில்தான். நான் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். அங்கே கற்ற ஜெர்மன் முழுக்கக் கட்டளை. கழுவு, நறுக்கு, மூடி வை, சுடும், தள்ளு. காதில் விழுவது எல்லாம் விளங்கும், வாயைத் திறந்தால் இதுதான் வரும். முதல் நாள் சங்கத் தலைவர் எங்கள் துண்டைப் பார்க்க வந்தபோது, மரியாதையாக ஒரு நாற்காலியைக் காட்டி, "உட்கார், குடி" என்று காபியை நீட்டினேன். மனிதர் தயங்காமல் உட்கார்ந்து குடித்தார். பக்கத்தில் நின்ற என் மகள் ஜெனிதான் தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

ஜெனி பதினோராம் வகுப்பு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்லுவாள். திட்டுவதும் அப்படியே நடக்கும். தோட்டத்துக்குக் கூப்பிட்டால் முகத்தைத் தூக்கிக்கொண்டுதான் வருவாள். வந்தபின் ஒரு மூலையில் முள்ளங்கிக்குத் தனியாகப் பாத்தி கட்டி, அதில் நான் கை வைத்தால் சண்டைக்கு வருவாள். ஆல்பர்ட் தோட்டத்தை வீடியோ அழைப்பில் பார்த்ததோடு சரி.

பக்கத்துத் துண்டு ஃப்ராவ் லேமானுடையது, நம் வழக்கில் சொன்னால் லேமான் அம்மா. ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கள் இரண்டு துண்டுக்கும் நடுவே வேலி ஓர் இடத்தில் அறுந்து, அந்த இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு முள்செடி நிற்கிறது. வேர் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. கிளைகள் இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கின்றன. வசந்தகாலத்தில் அதில் பூ வந்தபோது ஃப்ராவ் லேமான் வேலிக்கு மேலே குனிந்து, "இது நம் இருவருக்கும் பொது. நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். நானும் நன்றி சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

4

பூ உதிர்ந்து காய் பிடித்தபோது எனக்குக் கை பரபரத்தது. பச்சைக் காய், மேலே கோடு கோடாக வரி, கடித்தால் பல் கூசும் புளிப்பு, சுற்றிலும் முள். நம்மூர் கிளாக்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கை என்றே வைத்துக்கொள்ளலாம். கிளாக்காயை உடைத்தால் வெள்ளைப் பால் வந்து விரலில் ஒட்டும், இதில் பால் இல்லை. அந்த ஒரு குறைதான்.

கிளாக்காயை நாம் எப்போது பறிப்போம்? காயாக இருக்கும்போதுதான். பழுத்துக் கறுத்துப் போனால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மைனாவுக்கும் வெள்ளாட்டுக்கும். வீட்டுக்கு வருவது காய்தான். ஊரையொட்டிய பாறைக் கரட்டில் நிற்கிற செடிக்குச் சொந்தக்காரர் கிடையாது. இன்றைக்கு விட்டால் நாளைக்கு வேறு யாராவது கூடையோடு வந்துவிடுவார்கள். உப்புத் தண்ணீரில் போட்டுப் பாலை எடுத்து, கீறி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் வெந்தயப்பொடியும் போட்டு நல்லெண்ணெயில் ஊறவைத்தால், மழைக்காலம் முழுக்கப் பழைய சோற்றுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

எனவே ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வாளியோடு போனேன். எனக்கு அதில் இரண்டாம் யோசனையே இல்லை. பொது என்று அவரே சொல்லிவிட்டார். காய் பதமாக இருக்கிறது. அவர் ஏன் இன்னும் பறிக்கவில்லை என்றுதான் நினைத்தேன், முழங்கால் வலி போலிருக்கிறது என்று பரிதாபப்பட்டேன். செடியைச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பறித்தேன். புதருக்கு நடுவில் மட்டும் கையை விடவில்லை. அது ஊர்ப் பழக்கம். முள்ளுக்குள் பாம்பு இருக்கும் என்று சின்ன வயதிலேயே பயமுறுத்தி வைத்திருப்பார்கள். அவருக்குப் பாதி கொடுக்கலாம் என்று ஒரு கூடையில் எடுத்தும் வைத்தேன்.

மறுநாள் ஃப்ராவ் லேமான் வந்தார். கூடையை நீட்டினேன். அவர் கூடையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், மறுபடி கூடையைப் பார்த்தார். "இவை பழுக்கவே இல்லையே" என்றார். குரலை உயர்த்தவில்லை. கூடையை வாங்காமல் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஊறுகாய் போட்டேன். போட்ட ஊறுகாய் ஊறுவதற்குள் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பொதுச் செடியின் விளைச்சலைப் பாழாக்கியதாகப் பக்கத்துத் துண்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார், குத்தகையை முடிவு செய்யும் கூட்டத்தில் அதையும் விசாரிப்போம், வந்து விளக்கம் சொல்லவும். ஜெனி வாசித்துவிட்டுக் கடிதத்தை மேசை மேல் வைத்தாள். இந்த ஒரு துண்டும் போனால் இன்னொரு துண்டுக்குக் காத்திருக்க எனக்கு வயது இருக்காது.

5

கூட்டத்துக்கு முன்னால் ஆளாளுக்கு எனக்கு யோசனை சொன்னார்கள். ஆல்பர்ட் போனில், "சாரி சொல்லிடும்மா, முடிஞ்சுது" என்றான். சூசை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஊருக்கும் சொல்லிவிட்டார். பெரியண்ணன் கூப்பிட்டார்.

"என்னாம்மா மேரி, அடுத்தவங்க காட்டுல கை வெச்சிட்டியாமே?"

"அடுத்தவங்க காடு இல்லீங்கண்ணா. பாதி என் வேலிதானுங்க."

"அது என்னாவோ இருக்கட்டும். நாம பொழைக்கப் போன எடம். கையெடுத்துக் கும்புட்டு மன்னிப்புக் கேட்டுட்டு வூட்டுக்கு வா. எதுக்கு வம்பு?"

"பார்க்கிறேங்கண்ணா" என்று வைத்துவிட்டேன். அண்ணன் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் பிழைக்கப் போன இடம் என்கிற அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து வருடத்துக்கு மேலாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறேன். வரி கட்டுகிறேன். இன்னும் எத்தனை காலத்துக்கு நான் பிழைக்க வந்தவள்?

கூட்டம் சங்கத்துக் கொட்டகையில் நடந்தது. நீள மேசை, பீர் பாட்டில்கள், ஜன்னலில் சிவப்புப் பூந்தொட்டி. தலைவர் நடுவில், ஃப்ராவ் லேமான் ஓரத்தில். மொழிபெயர்க்க ஜெனியைக் கூட்டிப் போயிருந்தேன். தலைவர் புகாரை வாசித்துவிட்டு என்னைப் பேசச் சொன்னார்.

நான் தமிழில் சொன்னேன்: "தெரியாம நடந்துடுச்சு. ஆனா நான் எதையும் பாழாக்கல. எங்க ஊர்ல இந்த மாதிரி காயை காயாத்தான் பறிப்போம். ரெண்டு பேருக்கும் பொதுன்னு அவங்கதான் சொன்னாங்க."

ஜெனி எழுந்து ஜெர்மனில் சொன்னாள்: "என் அம்மா மிகவும் வருந்துகிறார். இனிமேல் அந்தச் செடியைத் தொடவே மாட்டார்."

எனக்குப் பேச வராதே தவிர, கேட்டால் விளங்கும் என்பதை என் மகள் மறந்துவிட்டாள். "நான் அதைச் சொல்லலையே, ஜெனி" என்றேன். அவள் முகம் சிவந்து, விட்டுவிடு அம்மா என்று ஜெர்மனில் முணுமுணுத்தாள். எனக்காகப் பயந்துதான் அப்படிச் சொன்னாள், தெரியும். ஆனாலும் ஒரு தடவை எல்லோரும் சேர்ந்து நல்லதற்குத்தான் என்று சொல்லி, நான் வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். இன்னொரு தடவை அது முடியாது. எழுந்து நின்றேன். சமையலறை ஜெர்மன்தான் கைவசம் இருந்தது.

"நிறுத்து. நான் பேசு" என்றேன். "நான் திருடு இல்லை. நான் தெரியாது. செடி ரெண்டு பேர். அவர் பழம் வேண்டும். நான் காய் வேண்டும். செடியைத் தொடு மாட்டேன், இல்லை. தொடுவேன். பாதி."

குச்சியால் வேலி அளக்கிற பெரியவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். ஃப்ராவ் லேமான் மெதுவாகப் பேசினார். கோடை விடுமுறைக்கு அவருடைய பேரப்பிள்ளைகள் வருவார்களாம். வந்த முதல் நாள் செடியிலிருந்து நேராகப் பறித்துத் தின்பதுதான் அவர்களுக்கு விடுமுறை ஆரம்பம். அதற்காகத்தான் ஒரு பழத்தைக்கூடத் தொடாமல் விட்டு வைத்திருந்தார். அடுத்த வாரம் வருகிறார்கள், வெறும் செடியைத்தான் காட்ட வேண்டும்.

அதைக் கேட்டதும் எனக்கு மனது கலங்கிவிட்டது. கறுத்த கிளாப்பழத்துக்காகப் புத்தகப் பையோடு கரட்டில் ஏறுகிற பிள்ளைகளை எனக்குத் தெரியாதா? "அது தெரிந்தால் பாதி விடுவேன்" என்றேன். "அதற்கு மட்டும் வருத்தம். நிஜ வருத்தம்." பிறகு நடுப்புதர் ஞாபகம் வந்தது. "வா. எல்லோரும் வா. உள்ளே இருக்கு."

தலைவரை மறுபடியும் அப்படித்தான் அழைத்தேன். எழுந்து வந்தார். மொத்தக் கூட்டமும் பாட்டிலைக் கையில் பிடித்தபடி எங்கள் வேலிக்கு நடந்தது. ஃப்ராவ் லேமான் தோல் கையுறையைப் போட்டுக்கொண்டு கிளைகளை விலக்கினார். நான் கையை விடாத நடுப்பகுதியில் பழங்கள் தொங்கின. நிறைய இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு கணக்காக, உள்ளே விதை தெரியும்படி பழுத்திருந்தது. இவ்வளவு பெரிதாக இந்தச் செடியில் காய்த்ததே இல்லை என்று அவரே சொன்னார்.

தலைவர் ஒன்றைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு, முன்பெல்லாம் இங்கேயும் ஒரு பங்கைக் காயாகவே பறிப்பதுண்டு, மிச்சம் நன்றாகத் திரளும், கடையில் எல்லாம் கிடைக்க ஆரம்பித்தபின் யாரும் அந்த வேலையைச் செய்வதில்லை என்றார். ஃப்ராவ் லேமான் அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருகிறவர் இல்லை. "பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். நியாயம்தான். அடுத்த வருடம் கேட்டுவிட்டுத்தான் வாளியை எடுப்பேன் என்று ஜெனியைச் சொல்லச் சொன்னேன். இந்த முறை அவள் நான் சொன்னதை அப்படியே சொன்னாள். அங்கேயே, வேலியோரம் நின்றபடியே, கையைத் தூக்கி என் குத்தகைக்கு ஓட்டுப் போட்டார்கள். ஃப்ராவ் லேமான் கடைசியாகத் தூக்கினார்.

அவருக்கு ஒரு பாட்டில் ஊறுகாய் கொடுத்தேன். சாப்பிட்டாரா என்று இதுவரை தெரியாது. பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

6

போன சனிக்கிழமை குத்தகைத் தாளில் கையெழுத்துப் போட அதே கொட்டகைக்குப் போனோம், நானும் ஜெனியும். சூசைக்கு வேலை. தலைவர் என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதியிருந்தார். மேலே என் பெயர், கீழே என் பெயர், நடுவில் துண்டின் எண். நான் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு காலியாக இருந்தது. என்னால் முடியாமல் போனால் குடும்பத்தில் யார் இந்தத் தோட்டத்தைத் தொடர்வார்கள், அவர் பெயரை எழுதவும் என்று தலைவர் விளக்கினார். அதற்கென்ன என்று எழுதினேன். எழுதி முடித்துப் பேனாவை மூடினேன்.

ஜெனி எட்டிப் பார்த்தாள். ஆல்பர்ட் என்று இருந்தது.

இந்தத் தோட்டத்தின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூட அவனுக்குத் தெரியாது. நான் யோசித்து எழுதவில்லை. யோசிக்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. கை தானாகவே எழுதிவிட்டது.

"அம்மா" என்றாள் ஜெனி. தமிழில்தான் பேசினாள். "நான் இங்கதானே நிக்கிறேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். பதிவு அலுவலகத்து மேசைக்கு முன்னால் அப்பாவைப் பார்த்து நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. என் மகளுக்கு வந்தது.

"வேறு தாள் கொடு" என்றேன் தலைவரிடம்.

ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினால் போதும், சட்டப்படி அதுவே செல்லும் என்றார் அவர். எனக்கு அடித்து எழுதிய தாள் வேண்டாம். புதுத் தாள்தான் வேண்டும் என்று மூன்று விதமாகச் சொன்னேன். அலமாரியைத் திறந்து தேடி எடுத்துக் கொடுத்தார். முதலிலிருந்து மறுபடி எல்லாவற்றையும் நிரப்பினோம். கடைசிப் பக்கம் வந்ததும் பேனாவை ஜெனியிடம் கொடுத்து, அவள் பெயரை அவளையே எழுதச் சொன்னேன்.